நம்பிக்கையின் கதை – 14: ஒரே அறிக்கை, இரண்டு தேதிகள்

சென்ற இதழில் நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் ஆய்வு நிறுவனத்தில் இருந்தோம். வெள்ளை எலியின் முதுகில் கறுப்புப் பேனாவால் தீட்டி, தோல் ஒட்டு வெற்றி பெற்றுவிட்டதாகக் காட்டிய வில்லியம் சம்மர்லினின் கதையைப் பார்த்தோம். ஆய்வக உதவியாளர் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் சாயம் வெளுத்தது. 1974இல் நடந்த அந்த மோசடியில் நோயாளி என்று யாரும் இல்லை. எலிகள் மட்டுமே இருந்தன. இந்த இதழில் சொல்லப்போவது நோயாளிகளின் கதை.

கனடாவின் மான்ட்ரியால் நகருக்குப் போவோம். நகரின் மேற்குப் பக்கம், டெக்காரி விரைவுச்சாலை பள்ளம் தோண்டிப் பிளந்து செல்லும் குடியிருப்புப் பகுதி நோத்ர-டாம்-த-கிரேஸ். வாந்தோம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கிளென் வளாகம். மெக்கில் பல்கலைக்கழக மருத்துவமனை 2015இல் இங்கே குடிவந்தது. அங்கிருந்து 105ஆம் எண் பேருந்தில் ஷெர்ப்ரூக் வீதியோடு மேற்கே போனால் லயோலா வளாகம். ஜேசு சபையாரின் லயோலா கல்லூரி 1916 முதல் இந்த இடத்தில் இருந்தது. 1974இல் அது நகர மையத்திலிருந்த சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து கன்கோர்டியா பல்கலைக்கழகம் ஆனது.

கிளென் வளாகத்துக்கு வருபவர்கள் ஆய்வை நம்பி உடலை ஒப்படைக்கிறார்கள். லயோலாவுக்கு வருபவர்கள் ஆய்வை நம்பி இளமையின் சில ஆண்டுகளை ஒப்படைக்கிறார்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளும் 1994ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இதே நகரத்தில், ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டன. அன்று நகரின் வேறொரு மருத்துவமனையில் வெடித்த விவகாரத்தையும் பல்கலைக்கழகத்தில் வெடித்த விவகாரத்தையும் பொதுவாகத் தனித்தனியே சொல்வார்கள். சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் பாடம் முழுமையாகும்.

கத்தியும் கேள்வியும்

மார்பகப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஒரே வைத்தியம்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்துக் கொடுத்த அறுவை முறை அது. மார்பகத்தையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர வெட்டி எடுத்துவிடுவார்கள். பிழைத்த பெண்களுக்குத் தோள் சரிந்தது, கை வீங்கியது, கையைத் தலைக்கு மேல் தூக்குவதே பெரும்பாடானது. எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அந்தக் காலத்து அறுவை மருத்துவர்களின் உறுதியான நம்பிக்கை.

இது உண்மையா என்று கேட்டவர்களில் முதன்மையானவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ஃபிஷர். மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போதே உடல் முழுவதையும் சார்ந்த நோயாக இருக்கக்கூடும். அப்படியானால் வெட்டின் அளவு உயிரைத் தீர்மானிக்காது என்றார். அதை வாதத்தால் நிறுவ அவர் முயலவில்லை. அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளை இணைத்த என்.எஸ்.ஏ.பி.பி. என்ற கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்று, சோதனைகளால் விடை தேடினார். அவற்றில் உலகப் புகழ்பெற்றது பி-06. 1976 முதல் 1984 வரை 2,000க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்ந்தார்கள். கட்டி நான்கு சென்டிமீட்டருக்குள் இருந்தவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. அடுத்த பிரிவினருக்குக் கட்டி மட்டும் எடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குக் கட்டியை எடுத்த பின் கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. யாருக்கு எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. மருத்துவருக்கு அதில் பங்கில்லை.

1985இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முதல் முடிவு வெளிவந்தது. மூன்று பிரிவினரும் உயிர்வாழும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதே மார்பகத்தில் கட்டி திரும்ப வருவது பெருமளவு குறைந்தது. மார்பகத்தை இழக்காமலே உயிர் பிழைக்கலாம் என்று உலகப் பெண்களுக்குச் சொன்ன கட்டுரை அது. ஃபிஷருக்கு அந்த ஆண்டே லாஸ்கர் விருது கிடைத்தது.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இரண்டு மான்ட்ரியால் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒருவர் ரிச்சர்ட் மார்கொலீஸ், ஜூயிஷ் ஜெனரல் மருத்துவமனை அறுவை மருத்துவர். அந்த மருத்துவமனை இருக்கும் கோத்-தே-நேஜ், இன்று நோத்ர-டாம்-த-கிரேஸுடன் சேர்ந்து ஒரே நகர வட்டாரம்; ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர் குடியேறிய பகுதியும்கூட. மற்றவர் ரோஜே புவாசோன், நகர மையத்தின் கிழக்கே இருந்த செயின்ட்-லுக் மருத்துவமனையின் அறுவை மருத்துவர், மான்ட்ரியால் பல்கலைக்கழகப் பேராசிரியர். கூட்டமைப்பிலேயே மிக அதிகமாக நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவர் புவாசோன். பி-06இல் இருந்த பெண்களில் ஏறத்தாழ 16 சதவீதத்தினர் செயின்ட்-லுக்கிலிருந்து வந்தவர்கள்.

1990 ஜூன்

பிட்ஸ்பர்க் தலைமையகத்தில் ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் வரும் தாள்களைச் சரிபார்த்து ஏற்றும் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது; விருது மேடையில் அவர்களை யாரும் ஏற்றுவதில்லை. 1990 ஜூனில் அவர்களில் ஒருவரின் மேசைக்கு செயின்ட்-லுக்கிலிருந்து ஒரே நோயாளியின் அறுவை அறிக்கை இரண்டு முறை வந்து சேர்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோயாளி ஒருவர்தான். வாக்கியங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அறுவை நடந்த தேதி மட்டும் வேறு.

இதை ‘தட்டச்சுப் பிழை’ என்று ஒதுக்கிவிட்டு அடுத்த தாளை எடுத்திருக்கலாம். ஆயிரக்கணக்கான தாள்கள் புழங்கும் அலுவலகத்தில் அதுதான் வழக்கமாக நடக்கும். அவர் ஒதுக்கவில்லை. மேலே சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பரிலும் டிசம்பரிலும் தணிக்கைக் குழுவினர் மான்ட்ரியாலுக்கு வந்து, தங்களிடம் இருந்த படிவங்களை மருத்துவமனையின் மூலக் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டார்கள். ஒப்பிட ஒப்பிட முரண்பாடுகள் கூடிக்கொண்டே போயின. ‘உண்மை’, ‘பொய்’ என்று தனித்தனியே அடையாளமிட்ட தாள்களும் அகப்பட்டன.

சோதனையில் சேர சில நிபந்தனைகள் உண்டு. திசு எடுத்துப் பார்த்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும், இன்ன பரிசோதனை முடிவு இருக்க வேண்டும் என்பது போன்றவை. அந்த வரம்புக்குச் சற்று வெளியே நின்ற பெண்களை உள்ளே கொண்டுவருவதற்காகத் தேதிகளும் முடிவுகளும் திருத்தப்பட்டிருந்தன. அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 1993இல் விசாரணையை முடித்தது. 1977 முதல் 1990 வரை புவாசோன் பல சோதனைகளில் சேர்த்த 1,511 பெண்களில் 99 பேரின் குறிப்புகளில் 115 இடங்களில் பொய்யோ திருத்தமோ இருந்ததாக அது முடிவு சொன்னது. எட்டு ஆண்டுகளுக்கு அமெரிக்க அரசின் ஆய்வு நிதியைப் பெற அவருக்குத் தடை விதிக்கப்பட்டது.

‘என் நோயாளிகளின் நலனுக்காக’

தான் செய்ததைப் புவாசோன் மறுக்கவில்லை. 1994இல் அதே மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் தன் பக்கத்தைச் சொன்னார். சில நாள் வித்தியாசம் என்ற அற்பக் காரணத்துக்காக ஒரு பெண்ணுக்கு நல்ல சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று நினைத்தார். அந்த நிபந்தனைகளை மீறக் கூடாத விதிகளாக அவர் கருதவில்லை; வழிகாட்டுதல்களாகவே எடுத்துக்கொண்டார்.

இதைக் கேட்கும் எவருக்கும் ஒரு கணம் மனம் இளகும். மருத்துவர் இரக்கப்பட்டார் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் இந்த நியாயம் நிற்காது. பி-06 தொடங்கியபோது எந்தச் சிகிச்சை நல்லது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் குலுக்கல். அதில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு எது கிடைக்கும் என்பதும் மருத்துவர் கையில் இல்லை. இரக்கத்தால் ஒரு சிகிச்சையைக் கொடுக்க நினைக்கும் மருத்துவருக்குச் சோதனையின் வெளியிலேயே அதற்கு வழி உண்டு. தேதியைத் திருத்தத் தேவையில்லை. நோயாளிகளை அதிகம் சேர்க்கும் மருத்துவமனைக்கு அதிக நிதி வந்தது, சேர்க்கும் மருத்துவருக்குக் கட்டுரையில் முன்வரிசை இடம் கிடைத்தது என்பதையும் இந்தக் கதையிலிருந்து பிரிக்க முடியாது.

நிபந்தனைகளுக்கு ஒரு காரணம் உண்டு. தட்டில் மண் ஒட்டிய தராசில் நிறுத்தால், நிறுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எடை தப்பாகத்தான் வரும். யாரைச் சோதித்தோம் என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் முடிவு யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். ஃபிலடெல்ஃபியாவில் ஒருத்திக்கு, டோக்கியோவில் ஒருத்திக்கு, மதுரையில் ஒருத்திக்கு என்று முகம் தெரியாத லட்சக்கணக்கான பெண்களின் சிகிச்சையை அந்தத் தாள்கள் தீர்மானிக்கப் போகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளிமேல் காட்டிய இரக்கம், அந்த முகம் தெரியாத பெண்களுக்குச் செய்த அநீதியானது.

சொல்லாமல் விட்ட மூன்று ஆண்டுகள்

இத்தனையும் நடந்து முடிந்தபோதும் நோயாளிகளுக்கு எதுவும் தெரியாது. நான் இந்தக் கதையை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்தப் பகுதிதான்.

1991 பிப்ரவரியில் ஃபிஷர் தரப்பு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்தது. புவாசோனின் பங்கேற்பு நிறுத்தப்பட்டது. செயின்ட்-லுக் நோயாளிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் முடிவு மாறவில்லை என்றும் ஃபிஷர் குழு கண்டுகொண்டது. ஆனால் அந்த மறுகணக்கை அவர்கள் இதழில் வெளியிடவில்லை. மூலக் கட்டுரையை அச்சிட்ட இதழின் ஆசிரியர்களுக்குச் சொல்லவில்லை. 1993 ஜூனில் அமெரிக்க அரசிதழில் புவாசோன் மீதான முடிவு அச்சானது. அரசிதழைப் படிக்கும் நோயாளி யார்? மார்பகத்தைக் காப்பதா இழப்பதா என்று மருத்துவர் எதிரே உட்கார்ந்து முடிவெடுத்த பெண்கள், தாங்கள் நம்பிய ஆதாரத்தில் ஒரு பகுதி கெட்டது என்ற செய்தி இல்லாமலேயே முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1994 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் முதல் பக்கத்தில் ஜான் க்ரூட்சன் என்ற செய்தியாளர் விவகாரத்தை வெளியிட்டார். அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்கள், தவறான முடிவெடுத்துவிட்டோமோ என்று தங்கள் மருத்துவர்களைக் கேட்டார்கள். மார்ச் இறுதியில் ஃபிஷர் கூட்டமைப்பின் தலைமையிலிருந்து விலக்கப்பட்டார். ஏப்ரல் 13 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஜான் டிங்கெல் தலைமையில் விசாரணை நடத்தியது. தமாக்சிஃபென் மாத்திரை மார்பகப் புற்றுநோயைத் தடுக்குமா என்று அறிய நடந்துகொண்டிருந்த வேறொரு பெரும் சோதனையிலும் ஆள் சேர்ப்பது நிறுத்திவைக்கப்பட்டது. அந்தச் சோதனைக்கும் செயின்ட்-லுக்கின் தேதிகளுக்கும் தொடர்பில்லை. நம்பிக்கை சரியும்போது குற்றமுள்ளதையும் குற்றமில்லாததையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

மூன்று ஆண்டுகள் சொல்லாமல் விட்டவர்களிடம் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. முடிவு மாறவில்லை, வீணாக மக்களைப் பயமுறுத்துவானேன் என்பதே அவர்கள் எண்ணம். இன்றும் நிறுவனங்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். 1991இல் ஒரு பக்க அறிவிப்பு வந்திருந்தால், ‘ஒரு மருத்துவமனையில் தவறு நடந்தது, நாங்களே கண்டுபிடித்தோம், அதை நீக்கிப் பார்த்தோம், விடை மாறவில்லை’ என்று அது அறிவியலின் பெருமையாகவே முடிந்திருக்கும். 1994இல் செய்தியாளர் தோண்டி எடுத்தபோது, அதே உண்மை மூடிமறைத்த குற்றமாகத் தெரிந்தது. பொய்யான தேதிகளால் ஆய்வின் முடிவு சாயவில்லை. மக்களின் நம்பிக்கையைச் சாய்த்தது நிறுவனங்களின் மௌனம்.

விடை ஏன் நிலைத்தது?

1995 நவம்பரில் பி-06இன் மறுஆய்வு, 12 ஆண்டுத் தொடர் கண்காணிப்பு முடிவுகளுடன் அதே இதழில் வெளியானது. செயின்ட்-லுக் பெண்களைச் சேர்த்துப் பார்த்தாலும் நீக்கிப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். தேசியப் புற்றுநோய் நிறுவனம் மற்ற மருத்துவமனைகளின் மூலக் குறிப்பேடுகளையும் தணிக்கை செய்து அதன் முடிவையும் உடன் வெளியிட்டது.

இதைவிட உறுதியான சான்று கடல் கடந்து இருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களிடம் தனியாக ஒரு சோதனை நடத்தியிருந்தார். ஃபிஷரின் குழுவுக்கும் அவர் குழுவுக்கும் தொடர்பில்லை. அறுவை முறையும் சற்று வேறு. ஆனாலும் விடை அதே: மார்பகத்தைக் காத்துச் செய்யும் சிகிச்சையும் முழு அறுவையும் உயிரைக் காப்பதில் சமம். 2002இல் இரண்டு குழுக்களின் 20 ஆண்டு முடிவுகளும் நியூ இங்கிலாந்து ஜர்னலின் ஒரே இதழில் வெளியாயின. உயிர்வாழ்வில் அப்போதும் வித்தியாசம் இல்லை. பி-06இல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 சதவீதத்தினருக்கு மட்டுமே.

ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பதன் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. ஓர் ஆய்வு எவ்வளவு பெரியதானாலும், எவ்வளவு புகழ்பெற்றவர் செய்தாலும், அதில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தேதியைத் திருத்தலாம். இன்னொரு நாட்டில், இன்னொரு மருத்துவர், வேறு நோயாளிகளிடம் அதே கேள்வியைக் கேட்டு அதே விடையைப் பெறும்போதுதான் அது தனிமனிதரின் நேர்மையை மட்டும் சார்ந்து நிற்காத உண்மையாகிறது. ஆனால் திரும்பச் செய்பவருக்கு விருதும் இல்லை, நிதியும் அரிது. அதன் விளைவு பின்னால் தெரிந்தது. 2012இல் ஆம்ஜென் மருந்து நிறுவனம், புற்றுநோய் ஆய்வில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 ஆய்வக முடிவுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறியதாக அறிவித்தது. 2015இல் உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தவர்கள், அவற்றில் 36 சதவீதத்தில்தான் முன்பு போலத் தெளிவான முடிவு கிடைத்ததாகச் சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் மோசடி எதுவும் இல்லை. சின்ன மாதிரிகள், அவசரம், வெற்றி பெற்றதை மட்டும் அச்சிடும் பழக்கம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது.

ஃபிஷரின் கதைக்கும் ஒரு முடிவு சொல்ல வேண்டும். அவருடைய கட்டுரைகள்மேல் மருத்துவத் தரவுத்தளங்களில் ‘முறைகேடு’ என்ற முத்திரை குத்தப்பட்டது. வழக்குத் தொடுத்து அதை நீக்க வைத்தார். 1997இல் ஆய்வு நேர்மை அலுவலகம் அவர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்றது. அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது; வழக்கு 27.5 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. 2019இல் 101ஆம் வயதில் அவர் இறந்தார். சொல்லத் தாமதித்த தவறு அவர் தரப்பில் இருந்தது. அதற்காக மோசடிக்காரர் என்ற பழியைச் சுமத்தியது அதைவிடப் பெரிய தவறு. நேர்மையைக் காக்கப் புறப்படுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பினால் அவர்களே அநீதி செய்தவர்களாவார்கள்.

கன்கோர்டியாவின் கணக்கு

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1992 ஆகஸ்ட் 24 அன்று கன்கோர்டியாவின் நகர மைய வளாகத்தில், ஹால் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், இயந்திரப் பொறியியல் துறையைச் சேர்ந்த வலேரி ஃபாப்ரிகான்ட் துப்பாக்கியால் சுட்டதில் மாத்யூ டக்ளஸ், மைக்கேல் ஹாக்பென், யான் சேபர், ஃபீவோஸ் சியோகாஸ் ஆகிய நான்கு பேராசிரியர்கள் உயிரிழந்தார்கள். அலுவலகப் பெண் ஊழியர் ஒருவர் காயமடைந்தார். கொன்றவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. இந்த வரியை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

கொலைக்கு முந்தைய ஆண்டுகளில் அவர் துறைக்குள் நிறையக் குற்றச்சாட்டுகளை எழுப்பியிருந்தார். ஆய்வில் பங்களிக்காத மூத்தவர்களின் பெயர்கள் கட்டுரைகளில் சேர்க்கப்படுகின்றன என்பது அவற்றில் முக்கியமானது. சொல்பவர் அப்படிப்பட்டவர் என்பதால் சொன்னதை ஆராயாமல் விடலாமா? பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். யார்க் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரான சட்ட அறிஞர் ஹாரி ஆர்தர்ஸ் தலைமையில், ரோஜே ப்ளே, ஜான் தாம்சன் ஆகியோர் கொண்ட வெளியார் குழுவை அது அமைத்தது. 1994 ஏப்ரலில், வாஷிங்டனில் டிங்கெல் குழு கூடிய அதே மாதத்தில், அவர்கள் அறிக்கை வந்தது. குற்றச்சாட்டுகளில் சிலவற்றுக்கு அடிப்படை இருந்தது என்றது அறிக்கை. ஆனால் தனிநபர்களோடு அது நின்றுவிடவில்லை. கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் கொண்டுவரும் நிதியாலும் ஓர் ஆய்வாளரை அளக்கும் பண்பாடுதான் இவற்றுக்கெல்லாம் ஊற்று என்று சுட்டியது. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் விளையும். அடுத்த மாதம் ஜான் ஸ்காட் கோவன் எழுதிய இன்னோர் அறிக்கை, பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த எச்சரிக்கைகளை நிர்வாகம் கையாண்ட விதத்தை அலசியது.

புவாசோன் விவகாரத்தோடு இதை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அங்கே சேர்த்த நோயாளிகளின் எண்ணிக்கை. இங்கே அச்சான கட்டுரைகளின் எண்ணிக்கை. இரண்டு இடத்திலும் எண்ணிக்கை கூடக் கூட மதிப்பும் பணமும் கூடின. இரண்டு இடத்திலும், ஏதோ சரியில்லை என்று காதில் விழுந்த பிறகும் வெளியே சொல்ல நிறுவனங்கள் தயங்கின.

இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதா? நம் கல்லூரிகளில் துறைத்தலைவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது மரியாதை என்றே பல மாணவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். 2009இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதித்தது. தரத்தை உயர்த்த வந்த விதி, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்குத் தீனியானது. 2022இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் அச்சானவை அச்சானவைதான்.

மான்ட்ரியால் செய்தது

அந்த வசந்தத்தையொட்டிய ஆண்டுகளில் கனடா சும்மா இருக்கவில்லை. நாட்டின் மூன்று ஆய்வு நிதி மன்றங்களும் சேர்ந்து 1994இலேயே ஆய்வு நேர்மைக்குப் பொதுக் கொள்கை வகுத்தன. நிதி வேண்டும் என்றால், புகார் வந்தால் விசாரிக்கும் முறை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருந்தாக வேண்டும். 2011இல் அந்தக் கொள்கை புதுப்பிக்கப்பட்டு, விதிமீறல்களைக் கவனிக்கத் தனிக் குழுவும் செயலகமும் வந்தன. கியூபெக் மாநிலத்தில் 1995இல் பியேர் டெஷாம் தலைமையிலான குழு மருத்துவச் சோதனைகளின் கண்காணிப்பை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 1998இல் மாநிலச் சுகாதார அமைச்சகம் ஆய்வு அறத்துக்கும் நேர்மைக்கும் செயல்திட்டம் வெளியிட்டது. 2013 மே மாதம் ஆய்வு நேர்மைக்கான மூன்றாம் உலக மாநாடு மான்ட்ரியாலிலேயே கூடியது. நாடுகளுக்கு இடையே, நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் கூட்டு ஆய்வில் யாருக்கு என்ன பொறுப்பு என்று வரையறுக்கும் ‘மான்ட்ரியால் பிரகடனம்’ அதன் பலன். எந்த நகரத்தின் பொய்த் தாள்கள் எல்லை தாண்டிப் போய்ப் பிட்ஸ்பர்க்கில் வெளிப்பட்டனவோ, அந்த நகரத்திலிருந்து அப்படியொரு பிரகடனம் வந்தது பொருத்தம்.

இந்தியாவிலும் ஒரு கதவு திறந்தது. 2007இல் மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடு தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் புதிய மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே அதில் பதிவது கட்டாயம். யாரைச் சேர்ப்போம், எதை அளப்போம் என்று முதலிலேயே ஊரறிய எழுதி வைத்தால், பிறகு வசதிக்கேற்ப மாற்றுவது கடினம். இணையத்தில் எவரும் திறந்து பார்க்கலாம். சோதனையில் சேரச் சொல்லி மருத்துவர் கேட்டால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முடிவு எப்போது, எங்கே வெளியாகும் என்றும் கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது.

செயின்ட்-லுக் கட்டடம் இன்று இல்லை. அந்த இடத்தை ஒட்டி மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவமனை 2017இல் திறந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸின் கிளென் வளாகத்தில் இன்று மார்பகப் புற்றுநோய் என்று கேட்டு அதிர்ந்து உட்காரும் பெண்ணிடம், கட்டி சிறியதாக இருக்கும்போது, அதை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும், மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டியதில்லை என்று மருத்துவரால் தயங்காமல் சொல்ல முடிகிறது. அந்த உறுதிக்குப் பின்னால் ஃபிஷர் இருக்கிறார், வெரோனேசி இருக்கிறார், ஜூயிஷ் ஜெனரலில் ஒழுங்காகப் படிவம் நிரப்பியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்ச் சொன்ன அந்தப் பணியாளரும் இருக்கிறார்.

அறிவியலில் பொய் நுழையாமல் தடுத்துவிட முடியும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. மனிதர்கள் இருக்கும் வரை அது நுழையும். கண்டுபிடித்தவரைக் காக்கும் விதி, மறுபடி செய்து பார்க்கப் பணம், தவறு தெரிந்த அன்றே நோயாளியிடம் சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் இருந்தால் பொய்யால் நெடுநாள் தங்க முடியாது. முதலாவதற்கு ஓரளவு விதி வந்துவிட்டது; இரண்டாவது இன்னும் அரிது. மூன்றாவதைச் சட்டத்தால் கொண்டுவர முடியாது. நிறுவனத் தலைவர்களிடம் மக்கள் கேட்டு வாங்க வேண்டியது அது.

அடுத்த இதழில் சண்டிகருக்கு வருவோம். இமயமலையில் எடுத்ததாகச் சொல்லி, எங்கிருந்தோ வந்த தொல்லுயிர் எச்சங்களைப் பல ஆண்டுகள் அச்சேற்றிய பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விஸ்வ ஜித் குப்தாவையும், 1989இல் அதை நேச்சர் இதழில் அம்பலப்படுத்திய ஆஸ்திரேலியர் ஜான் டேலண்டையும் பற்றி எழுதுகிறேன்.